இருபத்துமூன்றாம் நம்பர்

ஜூன் 14

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இல்லையென்றால் பதிலில் முதல் வரியாக அதை எழுது. உன் ஹாஸ்டலில் போன் கூடாது, கடிதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். கத்திரிக்கோல் பிடித்த கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படி.

கண்ணாடி என்றதும் ஒரு அவமானம் ஞாபகம் வருகிறது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நீ வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கத் திங்கட்கிழமை வந்தேன் அல்லவா? வாட்ச்மேன் என்னைக் கணக்கு சாரின் அறையில் உட்காரச் சொன்னார். ஒரே புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் ஏ.சி. சும்மா தொங்குகிறது. மேசைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரிமோட். ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான். பத்தாவதோடு நின்றவன் மூளை எப்படி ஓடும் பார்: சி என்றால் சில்லென்று. அமுக்கினேன். அசைவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறி, ஏ.சி.யின் மூக்குக்கு நேராக நீட்டி அமுக்கினேன். பக்கத்து அறையில் பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். மறுபடி அமுக்கினேன். மறுபடி சிரிப்பு. ஏதோ நல்ல பாடம் நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சார் கதவைத் திறந்தார். நான் மேலே நிற்கிறேன். "கீழே இறங்குங்க ஐயா. அது ஏ.சி. ரிமோட் இல்லை. நீங்க இப்ப என் வகுப்புல டெஸ்ட் எழுதிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அது என்ன சனியன் என்று நீ எழுது.

நம் சலூன் கடையில் உன் பெஞ்ச் காலியாக இருக்கிறது. யார் யாரோ உட்காருகிறார்கள், ஆனாலும் காலிதான். முன்பெல்லாம் யாராவது, "பாப்பா, எந்த கிளாஸ்?" என்று கேட்டால் நீ எழுந்து வந்து என் காதில் முணுமுணுப்பாய், நான் சத்தமாகச் சொல்வேன். பாதி நேரம் நீ எழுந்து வரவே வேண்டாம், சுவர்க் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அங்கே யார் உனக்காகப் பதில் சொல்கிறார்கள்? போர்வை போதவில்லை என்றால் யாரிடம் சொல்கிறாய்? அதை மட்டும் விவரமாக எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா


ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இது முதல் வரி. போர்வை போதும்.

அப்பா, அது நீங்களா! சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. அது பதினேழாம் நம்பர் கருவி. பதினேழு என்பவள் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். ஆனால் சுவரில் "பதினேழு: சி" என்று வருகிறது. அடுத்த கேள்விக்கும் சி. அதற்கடுத்ததற்கும் சி. "வராத பொண்ணு வந்தவங்களைவிட வேகமா பதில் சொல்றா" என்றார் சார். அதில் ஒரு சி சரியான விடை. பதினேழுக்கு ஒரு மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி சொல்லச் சொன்னாள்.

அது இப்படி வேலை செய்யும். சார் ஒரு கேள்வியைச் சுவரில் போடுவார். ஆளுக்கொரு கருவி இருக்கிறது. விடையை அமுக்கினால் வயர் எதுவும் இல்லாமலே சார் மேசையில் இருக்கும் சின்னப் பெட்டிக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் நம் கருவியில் பச்சை விளக்கு மின்னும். எந்த விடையை எத்தனை பேர் அமுக்கினோம் என்று சுவரில் கம்பம் கம்பமாக எழும்பும். யார் எதை அமுக்கினோம் என்று சாரின் டேப்லெட்டில் மட்டும்தான் தெரியும். சும்மா சிரிப்புக்கு மட்டும் எப்போதாவது நம்பரைச் சுவரில் விடுவார்.

நான் இருபத்துமூன்று. கை தூக்க வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம். நான் எல்லாக் கேள்விக்கும் அமுக்குகிறேன் அப்பா. வெள்ளிக்கிழமை சார் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்துமூணு யாரு, ஒண்ணுகூட தப்பு இல்லையே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. லேசாகத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

எனக்காக யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பச்சை விளக்கு வந்துவிடுகிறது. கவலைப்படாதீர்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 27

என் கண்ணுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குத் தோள்வலி கொஞ்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரி லாண்டரியில் நாள் முழுக்கத் துணி மடித்தால் தோள் என்ன செய்யும்.

உன் கடிதத்தைக் கடையில் நாலு பேர் கேட்கப் படித்தேன். பச்சை விளக்கு இடம் வந்ததும் இருமி மழுப்பினேன். பதின்மூன்று வருஷமாக இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். உன் பெரியப்பாவிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், பழைய பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போய் நின்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது ஒரு பிளாஸ்டிக் துண்டு சொன்னதும் ஒரே வாரத்தில் நம்பிவிட்டார்கள். இருக்கட்டும், இருக்கட்டும். நல்லதுதான்.

அம்மா சொல்கிறாள்: "ரிமோட்டைப் பார்த்து வயிறெரியற முதல் மனுஷன் நீங்கதான்." நான் எங்கே எரிந்தேன்? சும்மா கேட்டேன், அந்தக் கருவி என்ன விலை, ராத்திரி அதை எங்கே வைப்பார்கள் என்று.

இங்கே நானும் அந்த முறையைக் கொண்டுவந்துவிட்டேன். நேற்று மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். "ஏ, பக்கவாட்டில் குறைக்கணும். பி, பின்னால் குறைக்கணும். சி, மொத்தமா எடுத்துடணும். டி, இதுல எதுவும் இல்லை. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "டி" என்றார். "அப்ப எதுக்கய்யா வந்தீர்?" என்றேன். "பேப்பர் படிக்க" என்றார்.

உனக்கும் சில கேள்வி அனுப்புகிறேன். அமுக்க முடியாது, எழுத்தாகவே எழுது.

ஒன்று. சாப்பாடு: ஏ, நன்று. பி, சுமார். சி, மோசம். டி, அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

இரண்டு. தூக்கம்: ஏ, நன்றாக வருகிறது. பி, லேட்டாக. சி, அழுதபிறகு. டி, வகுப்பில்.

மூன்று. கணக்கு சார்: ஏ, கண்டிப்பு. பி, சாந்தம். சி, முடி வெட்டிக்கொள்ள வேண்டும். டி, அப்பா அளவுக்கு இல்லை.

நான்கு. மனதில் இருப்பதை யாரிடம் சொல்கிறாய்: ஏ, யாரிடமும் இல்லை. பி, அப்பாவுக்குக் கடிதத்தில். சி, லீவில் அப்பாவிடம். டி, இனிமேல்தான் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

விடைகளை உடனே அனுப்பவும். டேப்லெட் இல்லாவிட்டாலும் மார்க் போடுவேன்.

கோணல் எழுத்து அப்பா


ஜூலை 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா தோள் எப்படி இருக்கிறது?

ஒன்று, பி. இரண்டு, ஏ. மூன்று, சி.

நான்காவது கேள்வியில் நான்கு விடையும் சரியில்லை. இந்த மாதிரிக் கேள்வியைச் சார் போட்டால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், அவர் மாற்றிவிடுவார்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். இப்போது புது முறை. பொத்தானை அமுக்கியபிறகு பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் அப்படி அமுக்கினோம் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்தில் பதினேழு. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி இப்போது யாருமே கூப்பிடுவதில்லை, நீங்கள்தான் காரணம். நான் அவள் காதில் சொல்வேன், அவள் எழுந்து நின்று சத்தமாகச் சொல்வாள். சில நேரம் நான் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுகிறாள். ஹாஸ்டல் ஆயாவிடம் வெந்நீர் கேட்பதுகூட அவள்தான். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள் மகள்


ஜூலை 18

மதிப்பிற்குரிய கணக்கு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் இருபத்துமூன்றாம் நம்பர் மாணவியின் தகப்பன். தங்கள் அறையில் நாற்காலிமேல் ஏறி நின்றவன் என்றால் உடனே விளங்கும்.

தங்கள் வகுப்பில் வயர் இல்லாத கருவிகளை மாணவர் கையில் கொடுப்பது அறிந்தேன். அதிலிருந்து கிளம்பும் அலைகள் வளரும் பிள்ளைகளின் மூளையைச் சூடாக்கும் என்று என் கடைக்கு வரும் விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அவர் தினமும் பேப்பர் படிப்பவர். நான் நாற்காலிமேல் நின்று அமுக்கிய அன்றே எனக்கும் தலை லேசாகச் சுற்றியது. ஆகவே என் மகளுக்கு மட்டும் அந்தக் கருவியைத் தர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. பக்கத்தில் உட்காரும் பெண் என் மகளுக்காக எழுந்து பதில் சொல்வதாகவும் தெரிகிறது. ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது பிள்ளையின் முன்னேற்றத்துக்கு நல்லதல்ல என்பது என் தாழ்மையான கருத்து. இடம் மாற்றி உட்கார வைக்க முடியுமானால் நல்லது.

நான் எழுதியதை என் மகளிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தகப்பன்


ஜூலை 25

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். உங்கள் தலைச்சுற்றல் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தக் கருவியின் அலை மிகவும் பலவீனமானது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனைவிடப் பல மடங்கு குறைவு. ஆனாலும் பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் தரக் கூடாது என்பது பள்ளியின் விதி. இன்றுமுதல் அவளுக்கு மட்டும் வெள்ளை அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுக்கிறேன். விடையை எழுதித் தூக்கிக் காட்டலாம். கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

இடத்தையும் மாற்றிவிட்டேன். ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. "எனக்காக எல்லா இடத்திலும் என் அப்பாதான் பேசுவார்" என்று தமிழ்க் கட்டுரையில் அவள் எழுதியிருந்ததைத் தமிழாசிரியை எனக்குக் காட்டினார்.

செப்டம்பரில் பெற்றோருக்காக ஒரு திறந்த வகுப்பு வைக்கிறோம். அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
கணக்கு ஆசிரியர்


ஜூலை 28

என் கண்ணுக்கு,

நலம், நலம். அம்மா தோளுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு தைலம் கொடுத்தார்கள். வீடு முழுக்க அதே வாசனை, கொசுகூட வருவதில்லை.

நான்காவது கேள்வியைத் தப்பு என்று சொல்லிவிட்டாய். சரி, கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். கேள்வி கேட்கிறவனுக்குத்தான் மார்க் குறையும் போல.

கடையில் புது ஸ்பிரே பாட்டில் வாங்கினேன். தண்ணீர் பூ மாதிரி விழுகிறது. முதல் நாள் திருப்பிப் பிடித்து என் முகத்திலேயே அடித்துக்கொண்டேன். உட்கார்ந்திருந்தவர், "உங்களுக்கும் கட்டிங்கா?" என்றார்.

படிப்பெல்லாம் எப்படிப் போகிறது? அட்டையில் எழுதும்போது எழுத்தைப் பெரிதாக எழுது, அப்போதுதான் தூரத்திலிருந்து தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். ஏதாவது கஷ்டம் என்றால் அப்பாவுக்கு எழுது. எப்போது வேண்டுமானாலும் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

உன் அப்பா


ஆகஸ்ட் 17

மகளுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்த வரிக்கு மட்டுமாவது பதில் எழுது.

கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஹாஸ்டலுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பிள்ளை நல்லாத்தான் இருக்கு, அது எப்பவும் பேசாது இல்ல" என்றாள் ஆயா. எனக்கே சொல்கிறாள், என் பெண் பேசாதென்று.

தபால்காரர் தினமும் கடையைத் தாண்டிப் போகிறார். நான் கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். நேற்று மீசைக்காரர் காது தப்பியது பெரிய காரியம். "உம்ம பொண்ணு கடுதாசி வர்ற வரைக்கும் நான் முடி வளர்த்துக்கறேன்யா" என்று பாதியில் எழுந்து போய்விட்டார்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். "நீங்க ஏதாவது எழுதினீங்களா?" என்றாள். "நான் என்னத்தை எழுதப்போறேன்?" என்றேன்.

ஒரு வரி போடு, கண்ணு. ஏ, பி எது வேண்டுமானாலும் போடு.

அப்பா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இப்போது நலம்.

எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். ஜூலைக் கடைசியில் சார் என் கருவி ரிப்பேர் என்று சொல்லி ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார். எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். நான் எழுதினேன், தூக்கவில்லை. தூக்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பதினேழையும் வேறு வரிசைக்கு மாற்றிவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் சுவரில் "முப்பதில் இருபத்தொன்பது பேர்" என்று வரும். அந்த ஒருத்தி யார் என்று எல்லாருக்கும் தெரியும். பின்வரிசையில் ஒருத்தி, "சைபர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அதனால் எழுதவில்லை.

போன வாரம் ஒரு கேள்வி. ஒரு எண்ணைப் பத்து சதவீதம் கூட்டி, வந்த விடையில் பத்து சதவீதம் குறைத்தால் என்ன ஆகும்? ஏ, கூடும். பி, பழையபடியே வரும். சி, குறையும். டி, சொல்ல முடியாது. இருபத்தொன்பது பேரும் பி. ஒரே ஒரு கம்பம், சுவர் முழுக்க உயரமாக. பதினேழும் பி. நான் அட்டையில் சி என்று எழுதி மடியில் வைத்திருந்தேன். எனக்குத் தாங்கவில்லை அப்பா. எழுந்து, "சி" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. யாரோ பேசுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"ஏம்மா?" என்றார் சார். காதில் சொல்ல யாரும் இல்லை. நானே சொன்னேன். "ஒருத்தருக்கு முடி பத்து சதவீதம் வளந்துடுச்சு. எங்கப்பா பத்து சதவீதம் வெட்டறாரு. ஆனா வளந்த முடியில பத்து சதவீதம் வெட்டறாரு. அது கொஞ்சம் கூடுதலா போயிடும். அதனால முதல்ல இருந்ததைவிடக் குட்டையாத்தான் இருக்கும். வந்தவர் சண்டை போடுவாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நான் சொன்னதற்குச் சிரித்தார்கள். அது வேறு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து பேசுகிறேன். வெந்நீரும் நானே கேட்கிறேன். சைபர் என்று கூப்பிட்டவளுக்கும் பதில் கொடுத்துவிட்டேன், என்ன சொன்னேன் என்று எழுத முடியாது.

இன்னொன்று. கருவி ரிப்பேர் இல்லை. சார் மேசை இழுப்பறையில் இருந்தது, பதினேழு எடுத்து அமுக்கிப் பார்த்தாள், பச்சை விளக்கு வந்தது. யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ எழுதிக் கொடுத்தால்தான் வாங்கி வைப்பார்களாம்.

அப்பா, ஜூலை 28 கடிதத்தில் அட்டையில் பெரிதாக எழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவே இல்லை.

செப்டம்பர் 20 அன்று பெற்றோர் வகுப்பு. வருவீர்களா?

உங்கள் மகள்


செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கத் தகுதியில்லாமல் எழுதுகிறேன். அலை விஷயமாக நான் முன்பு எழுதியதை ரத்து செய்துவிடுங்கள். இருபத்துமூன்றாம் நம்பர் கருவியை என் மகளிடம் கொடுத்துவிடுங்கள். பதினேழாம் நம்பர் பெண்ணையும் பழைய இடத்திலேயே உட்கார வையுங்கள். பேப்பர் படிக்கிறவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவர் "இருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

வருகிற 20ஆம் தேதி வருகிறேன். எந்த நாற்காலியிலும் ஏற மாட்டேன்.

மாணவியின் தகப்பன்


செப்டம்பர் 23

என் கண்ணுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு லீவு கொடுக்காததால் வர முடியவில்லை என்று இன்னும் புலம்புகிறாள். அங்கே நடந்ததை இரண்டு நாளாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை.

எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தபோது என் முட்டி மேசைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சார் வரிசையாகக் கருவி கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் தேடி எடுத்து ஒன்றைக் கையில் வைத்தார். திருப்பிப் பார்த்தேன், இருபத்துமூன்று. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "இன்னும் இதை நான் அவகிட்ட கொடுக்கலை. இன்னிக்கு நீங்களே கொடுத்துடுங்க" என்றார். பிறகு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து கை கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

முன்னால் நீ வந்து நின்றாய். "எல்லாரும் கேளுங்க, பொத்தானை ஒரு தடவை அமுக்கினா போதும், பச்சை விளக்கு வரும். ஏ.சி.க்கு நேரா நீட்ட வேண்டாம்" என்றாய். அறையே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவர், "கெட்டிக்காரப் பொண்ணு, நல்லாப் பேசுது. யாரோட பொண்ணு?" என்று என்னையே கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. உன் முறைதான் எனக்கு வந்தது.

பிள்ளைகள் போட்ட கேள்விகள் எல்லாம் சுலபம்தான். கடைசிக்கு முந்தினது மட்டும் பதினேழு எழுதியது என்றாய். பிள்ளைகள் உங்களை விட்டுவிட்டு இங்கே சந்தோஷமாக இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஏ, பெருமை. பி, நிம்மதி. சி, நம்ப முடியவில்லை. டி, கொஞ்சம் பொறாமை.

சார் கையில் டேப்லெட் இல்லை என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அமுக்கினேன்.

ஏ உயரமாக எழுந்தது. பி அதில் பாதி. சி கொஞ்சம். டி-க்கு ஒரே ஒருவர், தரையோடு ஒட்டி ஒரு கோடு. "யாருப்பா அது!" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து, பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினேன். முன்பக்கம் திரும்பியபோதுதான் டேப்லெட் உன் கையில் இருப்பது தெரிந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். கடைக் கண்ணாடியில் நான் உன்னைப் பார்ப்பேனே, அந்த மாதிரி. பிறகு, "அடுத்த கேள்வி" என்றாய்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது நீ அட்டையைப் பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "சாருக்கு எழுதினது நான்தான்" என்று நானே சொன்னேன். "தெரியும்ப்பா" என்றாய். "கோவமா?" என்றேன். "ரெண்டு வாரம் இருந்துச்சு. யாருன்னு தெரியாம இருந்தப்ப" என்றாய். கருவியை நீட்டினேன். வாங்கி, விளக்கு வருகிறதா என்று அமுக்கிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டாய். பதினேழு ஓடி வந்து, "அங்கிள், எனக்கு ஒரு மார்க் வாங்கிக் குடுத்தீங்களே" என்று கை கொடுத்தாள். நல்ல பெண். முன்முடி கண்ணில் விழுகிறது, லீவில் அழைத்து வா, சரி செய்துவிடுகிறேன்.

பஸ் புறப்படும்போது ஜன்னல் பக்கம் வந்தாய். வண்டி உறுமுகிறது, கண்டக்டர் கத்துகிறார். முன்பென்றால் நீ கை மட்டும் ஆட்டியிருப்பாய், மீதியை நான் புரிந்துகொண்டிருப்பேன். நீயோ அவ்வளவு சத்தத்தையும் தாண்டி, "அப்பா! நான் பேசறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாய். பஸ்ஸில் பாதி பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சேச்சே! விரல் வழுக்கிடுச்சு கண்ணு, ஏ-யைத்தான் அமுக்கப் போனேன்!" என்று நானும் கத்தினேன். நீ சிரித்தாய். வண்டி நகர்ந்துவிட்டது.

நீ பேசுவது எனக்குப் பிடிக்காமல் இல்லை. நீ பேசாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா